கரண்ட் போனால் சர்வர் தானே அணையவும், வந்தால் தானே எழவும்: நட் அமைக்கும் முறை

யூபிஎஸ் தருவது அவகாசம் மட்டுமே. பகலில் கரண்ட் போனால் யாராவது ஓடிப்போய் சர்வரை முறையாக அணைத்துவிடலாம். இரவு இரண்டு மணிக்குப் போனால், பேட்டரி இருக்கும்வரை ஓடிவிட்டு சர்வர் அப்படியே விழும். கோப்பு முறைமை பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். பாதி எழுதிய டேட்டாபேஸும், ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினியின் வட்டுக்கோப்பும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு நல்லபடியாக எழுந்திருக்கும் என்று நம்பக் கூடாது.

தானே அணைய வைப்பது அரை நாள் வேலை. கரண்ட் திரும்பியதும் ஆள் போகாமலே எல்லாம் சரியான வரிசையில் எழுந்து நிற்க வேண்டும் என்ற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஆகவே இங்கே அந்தப் பகுதிக்கு அதிக இடம்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறு அலுவலகத்தை வைத்துக்கொள்வோம்: பல மெய்நிகர் கணினிகளை ஒரே இயந்திரத்தில் ஓட்டும் ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர், இரண்டு வட்டு போடும் சினாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி), ஒரு ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி, ரவுட்டர். எல்லாவற்றையும் கவனிக்க ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. இனி அதைப் பை என்றே சொல்கிறோம். மென்பொருள் நட், அதாவது நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ். இலவசம், டெபியன் 12 லினக்ஸில் இதன் 2.8.0 பதிப்பு கிடைக்கிறது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், இங்கே இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள். கட்டளையும் கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும். யூபிஎஸ்மான்.கான்ஃப் போன்ற கோப்புகளுக்குள் வரும் அமைப்புப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும்; யூபிஎஸ்.கான்ஃப், யூபிஎஸ்டி.யூசர்ஸ் இரண்டிலும் மட்டும் சிறிய எழுத்தில்.

முதலில் பேட்டரிக் கணக்கு

கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றுதான் இருக்கும். தாங்கும் லோடு 360 வாட். 1000 அல்லது 1100 விஏ மாடலில் அதே பேட்டரி இரண்டு. இரண்டுக்கும் பெருக்கினால் 168 வாட்-மணி வருகிறது. லோடு 140 வாட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. 7 ஏஹெச் என்பது 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் அளவில் எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவு. 140 வாட் எடுக்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 7 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் பாதியை ஒட்டித்தான் கையில் கிடைக்கும். மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால், புத்தம் புதிய பேட்டரியில் அரை மணி நேரம். இரண்டு கோடை தாண்டிய பேட்டரியில் பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஏசி இல்லாத அறையில், அலமாரிக்குள் அடைத்து வைத்த யூபிஎஸ்ஸுக்கு இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை.

யூபிஎஸ்ஸில் உண்மையாக எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று அளக்க சர்வரைப் பணயம் வைக்க வேண்டாம். உங்கள் மொத்த லோடுக்குச் சமமாக 100 வாட், 40 வாட் குண்டு பல்புகளை ஒரு பலகையில் மாட்டி அதை யூபிஎஸ்ஸில் செருகி, சுவர் சுவிட்சை அணைத்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். அணைப்பு வேலை முழுவதற்கும் ஆகும் நேரத்தின் இரண்டு மடங்கு கிடைத்தால் போதும். ஒன்றரை மடங்குக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் யூஎஸ்பி துளையே இருக்காது. சிலவற்றில் இருப்பது போன் சார்ஜ் போட மட்டும். சதுரமான பி வகைத் துளையோ, தகவல் கேபிள் என்று தனியாகச் சொல்லப்பட்டதோ வேண்டும். அது இல்லாத யூபிஎஸ் ஏற்கனவே கையில் இருந்தால் என்ன செய்வது என்பது கடைசியில் வருகிறது.

எதை யூபிஎஸ்ஸில் செருகுவது

சர்வர், நாஸ், பை ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. ஸ்விட்சை மறப்பார்கள். ஸ்விட்ச் சுவர் பிளக்கில் இருந்தால், கரண்ட் போன நொடியிலேயே பையும் சர்வரும் ஒன்றை ஒன்று பார்க்க முடியாமல் போகும். நட்டின் விதி இதுதான்: யூபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு தொடர்பு அறுந்தால், நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு சர்வர் அணைந்துவிடும். லைனில் ஓடுகிறது என்ற நிலையில் தொடர்பு அறுந்தால் வெறும் எச்சரிக்கையோடு நின்றுவிடும். சர்வர் 5 வினாடிக்கு ஒருமுறைதான் கேட்கிறது. அதற்குள் ஸ்விட்ச் இறந்துவிட்டால், கடைசியாகத் தெரிந்தது ‘லைனில் இருக்கிறது’ என்பதுதான். பேட்டரி தீரும்வரை ஒன்றும் அறியாமல் ஓடி விழும். ஆக ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் இருந்தால் எச்சரிக்கைச் செய்தி வெளியே போகும். லேசர் பிரின்டரை மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது சூடேறும் நொடியில் இழுக்கும் கரண்ட்டுக்கு சின்ன யூபிஎஸ் ஓவர்லோடு ஆகி எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும்.

யூஎஸ்பி கேபிள் பையில் செருகப்பட வேண்டும். சர்வரிலேயே செருகலாம்; ஆனால் முதலில் அணைய வேண்டிய சர்வர்தான் யூபிஎஸ்ஸுக்கு ஆணையிடும் இடமாகவும் இருக்கும், மற்றவை அணையும்வரை அது காத்து நிற்க வேண்டும். பை 5 வாட் அளவில்தான் எடுக்கிறது, 20 வினாடிக்குள் அணைகிறது, கரண்ட் வந்ததும் பொத்தான் அழுத்தாமலே எழுகிறது. கடைசியாகப் போய் முதலில் வர இதைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. எங்கே செருகினாலும், ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் கணினிக்கு யூஎஸ்பியைக் கடத்திவிட்டு அங்கிருந்து கண்காணிக்காதீர்கள். அணையும்போது முதலில் சாவது அந்த மெய்நிகர் கணினிதான். அதன்பின் யூபிஎஸ்ஸிடம் பேச ஆளிருக்காது.

பையில் நட்

பையில் ‘நட்’ தொகுப்பை நிறுவுங்கள். ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று தட்டினால் யூபிஎஸ் தெரிய வேண்டும். எண் 0764 என்று தொடங்கினால் சைபர்பவர், 0463 என்றால் ஈட்டன். இந்த இரண்டுக்கும், ஏபிசிக்கும் ‘யூஎஸ்பிஹிட்-யூபிஎஸ்’ என்ற டிரைவர். 0665:5161 என்று வந்தால் பல விலை குறைந்த யூபிஎஸ்களில் இருக்கும் பொதுவான சிப், அதற்கு ‘நட்டிஆர்வி_க்யூஎக்ஸ்’. இந்த வித்தியாசம் முக்கியம். முதல் வகை மீதமுள்ள நேரத்தைக் கணித்துச் சொல்லும். இரண்டாம் வகை பேட்டரி வோல்டேஜை மட்டும் சொல்லும். சதவீதம் என்று திரையில் தெரிவது டிரைவரின் ஊகம். பழைய பேட்டரியில் வோல்டேஜ் நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் படியிலிருந்து உருள்வதுபோல் விழும். அதை நம்பி அணைப்பு நேரத்தை முடிவு செய்யக் கூடாது.

திருத்த வேண்டிய கோப்புகள் எல்லாம் /ஈடிசி/நட் அடைவில் இருக்கின்றன.

நட்.கான்ஃப்: ‘மோட்’ என்பதை ‘நெட்சர்வர்’ ஆக்குங்கள். இதே கோப்பில் ‘பவர்ஆஃப்_வெயிட்’ என்பதற்கு 15 நிமிடம் கொடுங்கள். ஏன் என்பது பின்னால்.

யூபிஎஸ்.கான்ஃப்: யூபிஎஸ்ஸுக்குப் பெயர் ‘யூபிஎஸ்’ என்றே இருக்கட்டும். சினாலஜி நாஸ் நெட்வொர்க்கில் தேடுவது அந்தப் பெயரைத்தான், வேறு பெயர் வைத்தால் கண்டுகொள்ளாது. டிரைவர் பெயர், போர்ட்டுக்கு ‘ஆட்டோ’, ‘ஆஃப்டிலே’ (வெளியீட்டை அறுக்கும் முன் பொறுக்கும் வினாடி) 60, ‘ஆன்டிலே’ (திரும்பக் கொடுக்கும் முன் பொறுக்கும் வினாடி) 180. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரியதாக இருந்தே ஆக வேண்டும். இரண்டையும் 60-இன் மடங்காக வைப்பது நல்லது. சில யூபிஎஸ்கள் வினாடியை நிமிடமாக்கி மீதியை வெட்டிவிடும். 20 என்று கொடுத்தால் பூஜ்யமாகி, ஆணை வந்த கணமே கரண்ட்டை அறுத்துவிடும்.

யூபிஎஸ்டி.கான்ஃப்: ‘லிசன்’ வரியில் 0.0.0.0, போர்ட் 3493. எதுவும் எழுதாவிட்டால் நட் 127.0.0.1 இல் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து எவரும் இணைய முடியாது. பையின் சொந்த ஐபியை எழுதினால், பூட் ஆகும்போது ஐபி கிடைப்பதற்கு முன்பே நட் கிளம்பி, இணைய முடியாமல் செத்துக் கிடக்கும். இதுவும் கரண்ட் வந்து பை புதிதாக எழும்போதுதான் தலைகாட்டும். 3493 அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியே திறந்திருக்கக் கூடாது.

யூபிஎஸ்டி.யூசர்ஸ்: மூன்று பயனர்கள். பைக்கு ‘பிரைமரி’ உரிமையோடு ஒருவர். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு ‘செகண்டரி’ உரிமையோடு ஒருவர். நாஸுக்கு ‘மான்யூசர்’ என்ற பெயரும் ‘சீக்ரெட்’ என்ற கடவுச்சொல்லும். சினாலஜி இவற்றைத் தனக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறது. 2.8.0-க்கு முந்தைய நட்டில் இந்த உரிமைகளின் பெயர் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’. பழைய கட்டுரைகளில் அப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

சேவைகளைத் திரும்பத் தொடங்கி ‘யூபிஎஸ்சி யூபிஎஸ்’ என்று தட்டுங்கள். ‘யூபிஎஸ்.ஸ்டேட்டஸ்’ எதிரே ‘ஓஎல்’ என்று வர வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்தால் ‘ஓபி’. பேட்டரி தீரப் போகிறது என்றால் கூடவே ‘எல்பி’. பேட்டரியை மாற்றச் சொன்னால் ‘ஆர்பி’. ‘டேட்டா ஸ்டேல்’ என்று அவ்வப்போது வந்தால் யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி சிப் திணறுகிறது என்று பொருள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு யூபிஎஸ்.கான்ஃபில் ‘போலின்டர்வெல்’ எண்ணை ஏற்றிப் பாருங்கள். அணுகல் மறுப்புப் பிழை வந்தால் கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகினால் பெரும்பாலும் தீரும். நட் நிறுவும்போது வந்த, கருவியைத் தொட அனுமதி தரும் யூடெவ் விதி அப்போதுதான் அமலாகிறது.

எப்போது அணைப்பது

பேட்டரி தீரும் நேரம்வரை காத்திருந்து அணைப்பது நட்டின் இயல்பு. நல்ல யூபிஎஸ், புதிய பேட்டரி என்றால் அது சரி. மற்றவர்களுக்கு நேரக் கணக்கே பாதுகாப்பு. ஓரிரு நிமிடத்தில் திரும்பிவிடும் தடைக்கெல்லாம் சர்வரை அணைத்தால் அலுவலகம் சண்டைக்கு வரும். இரண்டு நிமிடத்தைத் தாண்டிய தடை சீக்கிரம் திரும்பும் என்று நம்பிக் காத்திருப்பதும் வீண்.

வரிசை முக்கியம். மெய்நிகர் கணினிகளின் வட்டுகள் நாஸில் இருந்தால், நாஸ் முதலில் அணைந்தால் சர்வர் எழுத இடமில்லாமல் தொங்கி நிற்கும், அணையவே அணையாது. ஆக சர்வர் முதலில், நாஸ் அடுத்து, பை கடைசி. நட்டில் எஃப்எஸ்டி என்ற கட்டாய அணைப்பு ஆணை போனால் சர்வரும் நாஸும் ஒரே நேரத்தில் கிளம்பும். அதைப் பிரிக்க ப்ராக்ஸ்மாக்ஸிலும் பையிலும் தனித்தனி டைமர் வைக்கிறோம்.

சர்வர் அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் 180 வினாடியும் கண்டெய்னருக்கு 60 வினாடியும் இயல்பாகக் காத்திருக்கும். கீமு விருந்தினர் முகவர் (மெய்நிகர் கணினிக்குள் இருந்து ப்ராக்ஸ்மாக்ஸின் ஆணையைக் கேட்கும் சிறு நிரல்) நிறுவாத, திரை பூட்டிய ஒரு விண்டோஸ் மெய்நிகர் கணினி அணைப்பு சைகையைக் கண்டுகொள்ளாமல் அந்த மூன்று நிமிடத்தையும் தின்றுவிடும். எல்லாவற்றிலும் முகவரை நிறுவுங்கள். நிறுவினாலும் கேட்காததற்கு அமைப்பில் காத்திருப்பை 60 ஆகக் குறையுங்கள்.

அளந்தது 4 நிமிடம் என்றால் கணக்கு இப்படிப் போகும். கரண்ட் போய் 120ஆவது வினாடியில் சர்வர் அணையத் தொடங்கும். 360ஆவது வினாடியில் முடியும். ஒரு நிமிடம் விட்டு, 420ஆவது வினாடியில் பை எஃப்எஸ்டி எழுப்பும்; நாஸ் தன் பாதுகாப்பு நிலைக்குப் போகும். நாஸ் ஒதுங்க 30 வினாடிவரை, அதன் மேல் 120 வினாடி கொடுத்துவிட்டு பை தானும் அணையும். அதற்கு 20. யூபிஎஸ் அதன்பின் 60 வினாடி பொறுத்து வெளியீட்டை அறுக்கும். மொத்தம் 650 வினாடி, 11 நிமிடம். சர்வர் போனதும் லோடு 50 வாட்டாக இறங்கிவிடுவதால், பின்பாதி பேட்டரிக்குச் சுமையே இல்லை.

யூபிஎஸ் நிலையைக் கண்காணித்து அணைக்கும் நிரலின் பெயர் யூபிஎஸ்மான். மேலே உள்ள கணக்கைப் பையின் யூபிஎஸ்மான்.கான்ஃப் கோப்பில் எழுதுவது: ‘ஹோஸ்ட்சிங்க்’ 30, ‘ஃபைனல்டிலே’ 120. இரண்டாவது எண்ணை விட்டுவிடாதீர்கள். இயல்பாக அது 5 வினாடிதான். நாஸ் அணையத் தொடங்கியதுமே நட்டுடனான தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும்; முழுதாக அணைந்த பிறகு அல்ல. தொடர்பு போனதைப் பார்த்த பை வேலை முடிந்தது என்று நினைத்து, நாஸ் வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ்ஸை அணைக்கச் சொல்லிவிடும்.

‘நோட்டிஃபைசிஎம்டி’ என்பதற்கு டைமர் ஓட்டும் யூபிஎஸ்ஸ்கெட் நிரலின் முழுப் பாதையைக் கொடுங்கள். ‘நோட்டிஃபைஃபிளாக்’ வரிகளில் ‘ஆன்பேட்’ (பேட்டரிக்கு மாறியது), ‘ஆன்லைன்’ (கரண்ட் திரும்பியது) இரண்டுக்கும் ‘எக்ஸெக்’ சேருங்கள். அதை விட்டால் பதிவேட்டில் (லாக்) செய்தி வரும், டைமர் ஓடாது. மணிக்கணக்கில் தேட வைக்கும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

பிறகு யூபிஎஸ்ஸ்கெட்.கான்ஃப். ‘பைப்எஃப்என்’, ‘லாக்எஃப்என்’ இரண்டும் மற்ற வரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். அவை சுட்டும் அடைவில் ‘நட்’ பயனர் எழுத முடிய வேண்டும். அடுத்து, ஆன்பேட் வந்தால் டைமர் தொடங்கு, ஆன்லைன் வந்தால் அதை ரத்து செய் என்று இரண்டு வரிகள். பையில் 420, ப்ராக்ஸ்மாக்ஸில் 120. டைமர் முடிந்ததும் அழைக்கப்படும் சிறு ஸ்கிரிப்டில் ‘யூபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி’ என்று மட்டும் எழுதுங்கள். நேரடியாக ஷட்டவுன் கட்டளை எழுதினால் நடக்காது, ஏனென்றால் அந்த ஸ்கிரிப்ட் ‘நட்’ பயனராக ஓடுகிறது, எல்லா உரிமையும் உள்ள ரூட்டாக இல்லை. யூபிஎஸ்மானின் ஒரு பாதி ரூட்டாகக் காத்திருக்கிறது, அதுவே அணைத்துக்கொள்ளும். இதே கட்டளையை செகண்டரியான ப்ராக்ஸ்மாக்ஸில் கொடுத்தால் அது மட்டும் அணையும், மற்றவற்றைத் தொடாது. பையில் கொடுத்தால் எல்லோருக்கும் போகும்.

ப்ராக்ஸ்மாக்ஸில் ‘நட்-கிளையன்ட்’ தொகுப்பு மட்டும் போதும். மோட் ‘நெட்கிளையன்ட்’, யூபிஎஸ்மான்.கான்ஃபில் ‘மானிட்டர்’ வரியில் பையின் ஐபி. நாஸில் கட்டுப்பாட்டுப் பலகத்தில் யூபிஎஸ் பகுதியைத் திறந்து, வகையை சினாலஜி யூபிஎஸ் சர்வர் என்று தேர்ந்து, பையின் ஐபியைக் கொடுங்கள்.

பேட்டரி எதிர்பாராமல் சீக்கிரம் தீர்ந்து எல்பி வந்துவிட்டால், டைமர் எதையும் பாராமல் நட் உடனே எல்லோருக்கும் அணைப்பு ஆணை அனுப்பும். வரிசை அப்போது கலையும்தான். முறையின்றி விழுவதைவிட மேல்.

திரும்பி எழுவது

இப்போது சிக்கலான இடம். 11ஆவது நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. கரண்ட் 10ஆவது நிமிடத்தில் திரும்பிவிட்டால்? சர்வர் ஏற்கனவே அணைந்து கிடக்கிறது. யூபிஎஸ் வெளியீட்டில் கரண்ட் ஒரு கணமும் போகவில்லை. கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்குக் கரண்ட் போய் வந்ததாகவே தெரியாது. ஆகவே அது எழாது. காலையில் வந்து பார்த்தால் யூபிஎஸ் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும், சர்வர் கறுப்பாக இருக்கும். அணைப்பதை மட்டும் அமைத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைப் பார்ப்பார்கள்.

இதற்காகத்தான் பை அணையும் கடைசி நொடியில் யூபிஎஸ்ஸிடம் ‘60 வினாடியில் வெளியீட்டை அறு, கரண்ட் இருந்தால் 180ஆவது வினாடியில் திரும்பக் கொடு’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. கரண்ட் ஏற்கனவே திரும்பியிருந்தாலும் நல்ல யூபிஎஸ் அறுத்துவிட்டுத்தான் கொடுக்கும். இந்த ஆணை போக யூபிஎஸ்மான்.கான்ஃபில் ‘பவர்டவுன்ஃபிளாக்’ வரி இருக்க வேண்டும். டெபியனில் அது /ஈடிசி/கில்பவர் என்ற கோப்பைச் சுட்டும். சில யூபிஎஸ்கள் லைனில் இருக்கும்போது இந்த ஆணையை ஏற்காது. அப்போது பை அணையும் தறுவாயிலேயே சிக்கி நிற்கும். முன்பு கொடுத்த பவர்ஆஃப்_வெயிட் 15 நிமிடம் இங்கேதான் உதவும்: கரண்ட் அறுபடவில்லை என்றால் 15 நிமிடம் பொறுத்து பை தானே ரீபூட் ஆகும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கரண்ட் 5ஆவது நிமிடத்தில் திரும்பினால் சர்வர் மட்டும் தொடங்கிய அணைப்பை முடித்து அணைந்துவிடும். பையின் டைமர் ரத்தாகிவிடும். யூபிஎஸ் எதையும் அறுக்காது. இதற்கு வேக்-ஆன்-லேன், அதாவது நெட்வொர்க் வழியாகப் பாக்கெட் அனுப்பி அணைந்த கணினியை எழுப்பும் முறை தவிர வழியில்லை. சர்வரின் நெட்வொர்க் கார்டில் அதை இயக்கி, பயாஸில் இஆர்பி என்ற மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அணைந்த சர்வரின் நெட்வொர்க் கார்டுக்குக் கரண்ட்டே போகாது.

பையில் ஒரு எழுப்பும் ஸ்கிரிப்ட் வையுங்கள். அது பை பூட் ஆகும்போதும், ஆன்லைன் வந்து 300 வினாடி ஆன பிறகும் ஓட வேண்டும். அது செய்ய வேண்டியது: யூபிஎஸ் நிலை ஓஎல் தானா என்று பார்ப்பது, பேட்டரி 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது, நாஸ் பதில் சொல்லவில்லை என்றால் அதற்கு எழுப்பும் பாக்கெட் அனுப்புவது, நாஸின் 2049 போர்ட் திறக்கும்வரை, அதாவது என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) தயாராகும்வரை காத்திருப்பது, பிறகே சர்வருக்குப் பாக்கெட். பதில் வரும்வரை நிமிடத்துக்கு ஒன்று. பேட்டரி சதவீதத்தை நம்ப முடியாத யூபிஎஸ் என்றால் சதவீதத்துக்குப் பதிலாக வெறுமனே 20 நிமிடம் காத்திருங்கள்.

காத்திருப்பு ஏன் என்றால், நம் பக்கத்தில் கரண்ட் திரும்புவது ஒரே மூச்சில் அல்ல. வரும், போகும், மறுபடி வரும். தீர்ந்த ஈய அமில பேட்டரி முழுதாக ஏற பல மணி நேரம் பிடிக்கும். கரண்ட் வந்த உடனே சர்வரை எழுப்பினால், அடுத்த தடையில் கையில் பதினொரு நிமிடம் இருக்காது. பூட் ஆகும் நடுவில் விழுவது ஓடிக்கொண்டிருக்கும்போது விழுவதைவிட மோசம்.

பயாஸில் ‘கரண்ட் திரும்பினால்’ என்ற அமைப்பை என்ன செய்வது? ‘கடைசி நிலை’ என்பது பயன்படாது. சர்வர் முறையாக அணைந்ததால் கடைசி நிலை ‘அணைந்தது’ என்றே பதிவாகியிருக்கும். கரண்ட் முழுதாக அறுபட்டு வந்த பிறகும் உங்கள் போர்டில் வேக்-ஆன்-லேன் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். செய்தால் ‘அணைந்தே இரு’ என்று வைத்து எழுப்பும் பொறுப்பை முழுக்கப் பையிடம் விடுவது சிறந்தது. சில போர்டுகளில் இயங்குதளம் ஒருமுறை ஓடி கார்டைத் தயார்செய்தால்தான் பாக்கெட் எடுபடும். அப்படியானால் வேறு வழியில்லை, ‘இயங்கு’ என்று வையுங்கள். பேட்டரி ஏறும்வரை காத்திருக்கும் வசதி போனாலும் சர்வராவது எழும். நாஸில் மின்தடைக்குப் பின் தானாகத் தொடங்கும் தேர்வையும், வேக்-ஆன்-லேனையும் இரண்டையும் டிக் செய்யுங்கள்.

யூஎஸ்பி இல்லாத யூபிஎஸ், அல்லது இன்வெர்ட்டருக்குப் பின்னால் யூபிஎஸ்

வீட்டு இன்வெர்ட்டரின் வெளியீட்டில் யூபிஎஸ்ஸைச் செருகியிருந்தால், ஈபி கரண்ட் போனது யூபிஎஸ்ஸுக்குத் தெரியாது. 150 ஏஹெச் டியூப்லர் பேட்டரி தீரும்வரை ஓஎல் என்றே சொல்லும். இன்வெர்ட்டர் சைன் அலை தராத மாடலாக இருந்தால், யூபிஎஸ் அதை லைனாக ஏற்காமல் தன் பேட்டரிக்கும் லைனுக்கும் மாறி மாறித் தாவும். அந்த இணைப்பையே விட்டுவிடுங்கள்.

இரண்டு நிலைக்கும் ஒரே உத்தி: காவல் கருவி. பழைய ரவுட்டர் ஒன்றை இன்வெர்ட்டருக்கும் யூபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லாத நேரடி ஈபி பிளக்கில் செருகி, கேபிளால் ஸ்விட்சில் இணையுங்கள். ஐபி வழங்கும் அதன் டிஹெச்சிபியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அலுவலகம் முழுக்க ஐபி குழம்பும். பை அதை 10 வினாடிக்கு ஒருமுறை பிங் செய்யட்டும். பதில் இல்லை, ஆனால் யூபிஎஸ்ஸில் இருக்கும் முதன்மை ரவுட்டர் பதில் சொல்கிறது என்றால்தான் கரண்ட் போனதாக எண்ண வேண்டும். இரண்டும் பேசவில்லை என்றால் பழுது ஸ்விட்சிலோ கேபிளிலோ இருக்கலாம். அதற்காக சர்வரை அணைக்கக் கூடாது. வெவ்வேறு பிளக்குகளில் இரண்டு காவல் கருவிகள் இருந்தால், யாரோ ஒருவர் போனுக்கு சார்ஜ் போட ஒன்றைப் பிடுங்குவதால் வரும் விபத்தும் தவிரும். தொடர்ந்து 12 முறை பதில் வராவிட்டால் பை எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக சர்வரை அணைக்கும், பிறகு நாஸை. இந்த முறையில் யூபிஎஸ் எதையும் அறுக்காது. ஆகவே பை அணையாமலே இருக்க வேண்டும், எழுப்புவது முழுக்க வேக்-ஆன்-லேன்தான். பேட்டரி தீர்ந்து பை விழுந்தால் விழட்டும். அதன் மெமரி கார்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றி வையுங்கள்.

சோதிப்பது

முதலில் எல்லாக் கருவிகளிலும் ‘ஷட்டவுன்சிஎம்டி’ வரியில் உண்மையான கட்டளைக்குப் பதில், பதிவேட்டில் ஒரு வரி எழுதும் கட்டளையைப் போட்டு, சுவர் சுவிட்சை அணைத்து டைமர்கள் சரியான நேரத்தில் அடிக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் எர்த்தும் சேர்ந்து போகும். நம் சுவர் சுவிட்ச் ஃபேஸை மட்டும் அறுக்கும், சோதனைக்கு அதுவே வசதி.

உண்மைக் கட்டளையைத் திரும்பப் போட்டபின், சர்வரை முறையாக அணைத்துவிட்டு, கரண்ட் இருக்கும்போதே பையில் ‘யூபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி’ என்று தட்டுங்கள். கரண்ட் திரும்பிய பின்பும் அணைப்பு தொடரும் நிலை இதுதான். யூபிஎஸ் ‘டக்’ என்று அறுத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பக் கொடுத்து, எல்லாம் எழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அறுக்காமல் நின்றால் 15 நிமிடம் பொறுத்து பை ரீபூட் ஆகிறதா என்று பாருங்கள்.

அடுத்து உண்மையான தடை: சுவிட்சை அணைத்து முழுச் சுற்றையும் கடிகாரம் வைத்து ஓடவிடுங்கள். பிறகு மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு கட்டத்தில் சுவிட்சைப் போடுங்கள்: சர்வர் அணையும் நடுவில், சர்வர் அணைந்து நாஸ் ஓடும்போது, பை அணைந்து 10 வினாடி ஆனபோது. மூன்றிலும் யாரும் பொத்தானைத் தொடாமல் எல்லாம் எழ வேண்டும்.

இதையெல்லாம் முடித்தபின், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் கரண்ட் நிறுத்துவதாக அறிவிக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று காலை யாரும் எதையும் அணைக்க வேண்டாம். மாலையில் பையின் பதிவேட்டை எடுத்து, ஓபி வந்த நேரம், சர்வர் போன நேரம், எஃப்எஸ்டி நேரம், திரும்பி எழுந்த நேரம் நான்கையும் ஒரு தாளில் எழுதி யூபிஎஸ் பக்கத்திலேயே ஒட்டுங்கள், பேட்டரி மாற்றிய தேதியோடு சேர்த்து.